டாக்டரிடம் கேளுங்கள்: பெயர் சொல்லாத பயாப்சி ரிப்போர்ட்

கேள்வி: என் அக்காவுக்கு 48 வயது. இடது மார்பில் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ‘ஸ்பிண்டில் செல் கட்டி, ஐ.எச்.சி. தேவை’ என்று ரிப்போர்ட். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். லேப் டாக்டருக்குத் தெரியவில்லையா? மறுபடி குத்தினால் பரவிவிடாதா?
- வாசகி, புளியரை

பதில்: லேப் டாக்டரைத் திட்டாதீர்கள், தங்கச்சி. நானும் மைக்ராஸ்கோப்பே கதி என்று இருப்பவள்தான். பார்த்த மட்டும் எழுதி நிறுத்துகிறவரைத்தான் நான் நம்புவேன்.

ஊசியில் வருவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் சில துணுக்குகள். அவற்றை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவிப் பார்க்கிறோம். அக்காவின் ஸ்லைடில் தறி நாடா போல இரு முனையும் ஒடுங்கிய செல்கள், அதாவது ஸ்பிண்டில் செல்கள், தெரிந்திருக்கின்றன. பெரும்பாலும் புற்றாக இல்லாத ஃபைலோட்ஸ் என்ற மார்பகக் கட்டியிலும் இவை உண்டு. ஃபைப்ரோமடோசிஸிலும் உண்டு, அது வேறு உறுப்புக்குப் பரவாது. மெட்டாபிளாஸ்டிக் புற்றுநோயிலும் உண்டு. மார்பகப் புற்றுகளில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஃபைலோட்ஸ் என்றால் சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து வெட்டுவார்கள், அக்குளைப் பெரும்பாலும் தொட மாட்டார்கள். மெட்டாபிளாஸ்டிக் என்றால் அக்குளையும் பார்க்க வேண்டும், கீமோ வரை பேச்சு போகும். பெயர் தெரியாமல் கத்தியை எடுக்கலாமா?

ஐ.எச்.சி. என்பது செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் போட்டுப் பார்க்கும் சோதனை. இதில் கெரட்டின் என்ற புரதத்தைத் தேடுகிறோம். இருந்தால் பழுப்பாகச் சாயம் பிடிக்கும், மெட்டாபிளாஸ்டிக் பக்கம் சந்தேகம் போகும். மெட்டாபிளாஸ்டிக்கில் இந்தச் சாயம் அங்கங்கே திட்டாகத்தான் பிடிக்கும், சில கெரட்டினில் பிடிக்காமலும் போகும். அதனால் ஒன்று ‘நெகட்டிவ்’ என்றதும் புற்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பல வகை கெரட்டின், கூடவே பி63 என்ற இன்னொரு புரதத்துக்கான சாயமும் போட வேண்டும். செலவைப் பார்த்து ஒன்றோடு நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள்.

மறுபடி குத்த வேண்டும் என்றே இல்லை. பெரும்பாலும் அதே மெழுகு பிளாக் போதும். போதாமல் குத்தினாலும் அதனால் நோய் முற்றாது. இதற்காக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆனால் பதற வேண்டாம், மாதக்கணக்கில் மட்டும் இழுக்காதீர்கள்.

லேபில் எழுதிக் கொடுத்து பிளாக், ஸ்லைடு இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ரிப்போர்ட்டோடு போனால் பிளாக்குக்காகத் திரும்பவும் ஆரியங்காவு மலை இறங்கி வர வேண்டியிருக்கும். காரில் போனால் டாஷ்போர்டு வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு இளகும். அப்புறம், அதே இடத்தில் அக்காவுக்கு முன்பு ஆபரேஷனோ ரேடியேஷனோ நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பழைய தழும்பும் ஸ்லைடில் இதே மாதிரிதான் தெரியும்.