சிபிசி ரிப்போர்ட்டில் தைராய்டு தெரியுமா?

மும்பையில் ஒரு லேபில், ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்ட் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது உங்கள் டாக்டரின் வேலை. வாசகர்கள் கேட்கும் ரிப்போர்ட்டில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்கிறேன்.

செம்பூர், 34 வயது: சார், நியூட்ரோஃபில் 68, லிம்ஃபோசைட் 22. வகுத்தால் 3-க்கு மேல். இது ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோயின் அடையாளம் என்று படித்தேன். தைராய்டு டெஸ்டான டிஎஸ்ஹெச் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டுமே வெள்ளையணு வகைகள். உங்கள் கணக்கு சரிதான்மா, 3.09 வருகிறது. ஆனால் முடிவுக்கு அவசரப்பட்டுவிட்டீர்கள்.

ஹாஷிமோட்டோவில் நம்முடைய லிம்ஃபோசைட்டுகளே தைராய்டு சுரப்பிக்குள் புகுந்து அதை அழிக்கின்றன. சுரப்பிக்குள் லிம்ஃபோசைட்டுகள் நிறைந்திருப்பதை ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் 1912-ல் எழுதினார். சுரப்பிக்குள் நடக்கும் சண்டை சாதாரண சிபிசியிலும் தெரிந்தால் செலவு மிச்சமாயிற்றே என்று பலர் தேடிப் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் நோயாளிகளின் சராசரி விகிதம் கொஞ்சம் கூடுதல், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. கூடுதலாக இருந்த இடத்திலும் நோயுள்ளவர், இல்லாதவர் எண்கள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. பல் வீக்கம், ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம், சிகரெட் என்று எதுவும் இதே 3.09-ஐக் கொடுக்கும். தாதர் பிளாட்ஃபாரத்தில் கூட்டத்தைப் பார்த்து, விரார் வண்டிதான் லேட் என்று சொல்ல முடியுமா? தைராய்டுக்கென்றே உள்ள டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 டெஸ்டுகளும், தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டி டிபிஓவும் பாருங்கள்.

டோம்பிவிலி: எனக்கு ஆன்டி டிபிஓ பாசிட்டிவ். பிளேட்லெட்டின் சராசரி அளவு, அதான் எம்பிவி, போன மாதம் 10.1, இப்போது வேறு லேபில் 12.4. நோய் முற்றுகிறதா?

ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து மெஷினில் போட்டார்கள் என்று கேளுங்கள் தம்பி. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இடிடிஏ, பிளேட்லெட்டை நேரம் ஆக ஆக வீங்க வைக்கும். காலையில் வீட்டில் எடுத்த ரத்தம் பெட்டியில் ஊர் சுற்றி மதியம் மெஷினுக்குப் போனால் எம்பிவி ஏறத்தான் செய்யும். போதாததற்கு லேபும் மாறியிருக்கிறது. ஒரே குழாயைக் காலையும் மாலையும் ஓட்டி நானே இரண்டு எண் பார்த்திருக்கிறேன். இதற்குப் போய் தூக்கம் கெட வேண்டாம்.

மாட்டுங்கா, 52 வயது: தைராய்டு மாத்திரையில் டிஎஸ்ஹெச் நார்மல். ஆனால் ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 108. சோர்வு போகவில்லை.

இதை விடாதீர்கள். சிபிசி உண்மையிலேயே உதவுகிற இடம் இதுதான். எம்சிவி 100-ஐத் தாண்டினால் சிவப்பணு பெருத்திருக்கிறது. தைராய்டு குறைந்தாலே அப்படி ஆகலாம், ஆனால் உங்கள் டிஎஸ்ஹெச் நார்மல். தைராய்டைத் தாக்கும் அதே நோயெதிர்ப்புக் குளறுபடி சிலருக்கு வயிற்றின் உட்சுவரையும் தாக்கும். பி12 உடம்பில் சேராது. பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதுவே எம்சிவி 70, சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்டிடபிள்யூ அதிகம் என்று வந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகித்திருப்பேன். அப்புறம், இரும்பு மாத்திரை எழுதித் தந்தால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஃபில்டர் காபியும் அரை மணியாவது காத்திருக்கட்டும். மாட்டுங்காக்காரர்களிடம் சொல்வது கஷ்டம்தான்.

முலுண்ட்: ஆன்டி டிபிஓவுக்குப் பதில் சிபிசி போதுமா?

போதாது.

சயான்: அக்காவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய், அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம். நேற்றிலிருந்து காய்ச்சல், தொண்டை வலி. மழைக்கால வைரல்தானே?

வைரலாகவே இருக்கலாம். ஆனாலும் காத்திருக்காதீர்கள். அபூர்வமாக அந்த மருந்து, கிருமியோடு போராடும் நியூட்ரோஃபிலை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும். பெரும்பாலும் முதல் 3 மாதத்தில். அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து, இன்றைக்கே சிபிசி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். இரவானால் எமர்ஜென்சிக்கே போங்கள். கார்பிமசோல் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.