வெவ்வேறு சிறுகதைகளில் வரும் இரண்டு மிரட்டலான கதாபாத்திரங்களை ஒப்பிட்டால், உங்களை அதிகம் பயமுறுத்தியவர் யார்?

கேள்வியைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தவர்கள் ஜெனரல் சாரோஃபும் மான்ட்ரசரும். முதல் ஆள், ரிச்சர்ட் கானெல் 1924இல் எழுதிய 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' கதையில் வருபவன். மற்றவன், எட்கர் ஆலன் போவின் 'தி காஸ்க் ஆஃப் அமான்டிலாடோ' (1846) கதையைச் சொல்பவன். என் ஓட்டு மான்ட்ரசருக்கு. (இரண்டு கதைகளின் முக்கிய இடங்களையும் போட்டு உடைக்கப் போகிறேன். படிக்காதவர்கள் முதலில் படித்துவிடுங்கள், சின்னக் கதைகள்தான்.)

சாரோஃபிடம் மிரட்டலுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. தனித்தீவு, பெரிய மாளிகை, காது கேளாத, வாய் பேசாத ராட்சத வேலைக்காரன், வேட்டை நாய்கள். மிருக வேட்டை அலுத்துப்போய் மனிதர்களை வேட்டையாடுகிறான். கப்பல்கள் பாறையில் மோதட்டும் என்று கடலில் பொய் விளக்கு காட்டுவதும் அவனேதான். ஆனால் எல்லாவற்றையும் விருந்தாளி ரெய்ன்ஸ்ஃபோர்டிடம் பெருமையாக விளக்கிவிடுகிறான்: கத்தியும் சாப்பாடும் தருவேன், மூன்று மணி நேரம் முன்னால் ஓடலாம், மூன்று நாள் சிக்காமல் இருந்தால் ஜெயித்தாய். விதிகள் தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஒரே ஒரு இடத்தில்தான் நிஜமாகவே நடுங்கினேன். ரெய்ன்ஸ்ஃபோர்ட் மரத்தின்மேல் ஒளிந்திருக்கிறான். சாரோஃப் அடியில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, சிரித்து, சிகரெட் புகையை ஊதிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறான். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதாம்!

மான்ட்ரசர் இப்படி எதையும் காட்டிக்கொள்வதில்லை. திருவிழா நேரத்தில், தன்னை அவமானப்படுத்தியதற்குப் பழிவாங்க, போதையில் இருக்கும் ஃபார்ச்சுனாட்டோவை ஒயின் ருசிபார்க்க என்று தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப் போகிறான். வழியில் அவனுக்கு இருமல் வந்தால், "திரும்பிவிடலாம், உன் உடம்புதான் முக்கியம்" என்கிறான். "இருமலால் நான் சாக மாட்டேன்" என்கிறான் ஃபார்ச்சுனாட்டோ. "உண்மை, உண்மை" என்கிறான் மான்ட்ரசர். முதல்முறை படித்தபோது இந்த வரியைச் சாதாரணமாகக் கடந்துவிட்டேன். இரண்டாம் முறை அங்கேயே புத்தகத்தை மூடி வைத்தேன்.

வேலைக்காரர்களை அவன் சமாளித்த விதமும் அப்படித்தான். காலைவரை வர மாட்டேன், யாரும் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போடுகிறான். அவன் முதுகைத் திருப்பியதுமே அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மனிதர்களை இவ்வளவு துல்லியமாகப் படிப்பவன் பக்கத்தில் நட்பாக நடந்துவந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? சாரோஃப் எதிரே வந்தால் ஓடலாம், பொறி வைக்கலாம், ரெய்ன்ஸ்ஃபோர்ட் செய்ததும் அதைத்தான். இங்கே ஃபார்ச்சுனாட்டோவுக்கு, தான் ஆபத்தில் இருப்பது புரியும்போது உடம்பில் சங்கிலி ஏறிவிட்டது, அவனை உயிரோடு அடைக்க மான்ட்ரசர் கட்டும் சுவர் முன்னால் எழும்பிக்கொண்டிருக்கிறது.

அவன் அலறும்போது மான்ட்ரசரும் கூடவே, அவனைவிடச் சத்தமாக அலறுகிறான். அந்த இடத்தை விளக்க எனக்கு வார்த்தை இல்லை.

அப்புறம், ஃபார்ச்சுனாட்டோ செய்த அவமானம் என்ன என்பதைக் கடைசிவரை அவன் சொல்வதே இல்லை. ஐம்பது வருடம் கழித்துத்தான் இந்தக் கதையைச் சொல்கிறான். அதுவும், 'என் மனதை நன்றாக அறிந்த நீங்கள்' என்று யாரையோ பார்த்து. அந்த 'நீங்கள்' யார் என்பதும் கதையில் இல்லை.