ரீச்சரிடம் கேளுங்கள்: நத்தாருக்கு எத்தனை பரிசு?

கார்த்திகை கடைசியில் இருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விசயத்தைத்தான் கேட்கின்றன. ஆகவே இம்முறை பரீட்சைப் பயம், மாமியார் சண்டை எல்லாம் தைமாத இதழுக்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளன. மழையில் நனைந்து வந்த ஒரு கடிதத்தில் பெயர் அழிந்துவிட்டது. கேள்வி அழியவில்லை, பதில் உள்ளே இருக்கிறது.

கேள்வி: ரீச்சர், மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவளுக்கு ஆறு. போன நத்தாருக்கு ஆளுக்கு ஒரு புது உடுப்பும் ஒரு விளையாட்டுச் சாமானும் வாங்கினோம். பக்கத்து வளவில் தகப்பன் லண்டனில். அந்தப் பிள்ளைக்கு ஏழு பார்சல். மகன் போய் எண்ணிப்போட்டு வந்து, “எங்களுக்கு மட்டும் ஏன் ஒண்டு?” என்று கேட்டான். இவர் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறார். இம்முறை எத்தனை வாங்கினால் சரி? (வாசகி, வட்டக்கச்சி)

பதில்: ஒன்று, தங்கச்சி. உடுப்பைக் கணக்கில் சேர்க்காமல் ஒன்று.

இந்தக் கேள்விக்கு “அது அவரவர் வசதி” என்று சொல்லித் தப்பிவிடலாம். வசதியைப் பற்றித்தான் முதலில் கதைக்க வேண்டும் என்பதும் சரி. நத்தார் வன்னிக்கு வந்து சேர்கிற மாதத்தைப் பாருங்கள். ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் மார்கழியில் பச்சையாக நிற்கிறது. உரத்துக்கும் களைநாசினிக்கும் போன காசு மாசி, பங்குனியில் வெட்டி மூட்டை கட்டும்வரை திரும்பாது. சங்கிலி அடகில் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கம் போனால் வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் பாதி நாள் கரையில். ஐரோப்பியனுக்கு இது அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பிய காலம். எங்களுக்கோ வீட்டில் நெல்லும் இல்லை, கையில் காசும் இல்லை என்கிற காலம். 2018இல் நத்தாருக்குச் சில நாள் முன்னர் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. பரிசுக்கென்று ஒதுக்கியிருந்த காசு பாய்க்கும் பானைக்கும் போன வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இந்த மாதத்தில் ஒரு பரிசு வாங்கிக் கொடுக்கிற தகப்பன் கஞ்சன் இல்லை. அதை நீங்கள் முதலில் நம்புங்கள். நம்பினால் மகனுக்குப் பதில் சொல்லும்போது குரல் தடுமாறாது.

இனிக் காசு இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் ஒன்றரை வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடைப்பட்ட 36 பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை 4 விளையாட்டுச் சாமான், இன்னொரு தடவை 16. நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் இருந்து, ஒன்றையே பல விதமாக வைத்து விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றைத் தொட்டு, விட்டு, அடுத்ததுக்குத் தாவினார்கள். 2018இல் வெளியான ஆய்வு. அவர்கள் பார்த்தது சின்னஞ்சிறுசுகளை, உங்கள் மகன் பத்து வயதுக்காரன். ஆனாலும் ஏழு பார்சலில் எத்தனை மாசிவரை தப்பியது என்று அவனையே ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் நான் இங்கே படிப்பித்தபோது பொருளாதாரத் தடை. பற்றரி உள்ளே வராது, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றித்தான் றேடியோ கேட்டோம். பிள்ளைகள் பனங்காய் வண்டில் உருட்டினார்கள், பால்மா ரின்னில் லொறி செய்தார்கள். “அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதோடேயே எவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள்” என்று மேடையில் யாராவது தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன். அந்தப் பிள்ளைகளுக்கும் பற்றரிக் கார் வேண்டித்தான் இருந்தது. இல்லாமையைப் பிள்ளைக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒன்று வாங்குகிறீர்கள் என்றால் அந்த ஒன்று பிள்ளை கேட்டதாக இருக்கட்டும், உங்களுக்குப் பிடித்த அறிவுப் பொருளாக வேண்டாம். பென்சில் பெட்டியைத் தாளில் சுற்றி நத்தார் பரிசு என்று கொடுப்பது அநியாயம். தைமாதம் பள்ளிக்கூடத்துக்கு எப்படியும் வாங்க வேண்டிய கொப்பி, பை, சப்பாத்து எதையும் பரிசு என்று கணக்குக் காட்டக் கூடாது. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டு பேருக்கும் சமமாக வேண்டும் என்பீர்கள். ஆறு வயதுக்கு எண்ணிக்கை தெரியும், பத்து வயதுக்கு விலை தெரியும். இளையவளுக்குப் பாவைப்பிள்ளையையும் அதன் சட்டையையும் தனித்தனியாகச் சுற்றினால் அவளுக்கு இரண்டு பார்சல். மூத்தவனுக்கு நல்ல கிரிக்கெட் பட் ஒன்று. அவன் சண்டைக்கு வரமாட்டான், விலையைப் பார்த்திருப்பான்.

பக்கத்து வளவுப் பிள்ளையின் ஏழு பார்சலுக்கு வருவோம். தகப்பன் கிட்ட இல்லாத வீட்டில் பார்சல் கூடத்தான் செய்யும். உங்கள் மகனுக்கு அது விளங்கும் வயது. ஆனால் “ஐயோ பாவம், அவனுக்கு அப்பா இல்லை” என்கிற மாதிரிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் காதுக்குப் போகும். “அவையின்ர வீட்டில அவையின்ர முறை, எங்கட வீட்டில ஆளுக்கு ஒண்டு” என்பது போதும். வருசத்துக்கு வருசம் மாறாமல் ஒரே முறையாக இருந்தால், மூன்றாம் வருசம் பிள்ளை கேட்க மாட்டான்.

கேள்வி: குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் மூன்று பரிசுதான் கொண்டு வந்தார்கள், ஆகவே பிள்ளைக்கு மூன்றுதான் கணக்கு என்று கனடாவில் இருக்கும் அக்கா சொல்கிறா. அங்கே பலர் அப்படிச் செய்கிறார்களாம். சரியா? (முருங்கன் வாசகர்)

பதில்: பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். பரிசு மூன்று, சரி. ஆனால் ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு நற்செய்தி சொல்லவில்லை. பரிசு மூன்று என்பதால் ஆட்களையும் மூன்றாக்கி, பிறகு ராசாக்களும் ஆக்கிவிட்டோம். எனக்குத் தெரிந்த ஒரு சுவாமி, அடுத்த பக்கத்திலேயே அந்தக் குடும்பம் ஏரோதுக்குப் பயந்து இராவோடு இராவாக எகிப்துக்கு ஓடுவதைக் காட்டி, “வழிச்செலவுக்குப் பொன் உதவியிருக்கும்” என்பார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் காதுத் தோட்டை விற்று அரிசி வாங்கியவர்களுக்கு அந்தப் பிரசங்கத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்காவின் கணக்கில் ஒரு நன்மை, அவ அனுப்புகிற பெட்டிக்கு அது ஒரு வரம்பு. இன்னும் ஒரு வசதி சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டில் பிள்ளைகளுக்குப் பரிசு கிடைப்பது தை 6ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளில். கார்கோப் பெட்டி வந்தால் எல்லாவற்றையும் 25ஆம் திகதியே கொட்டாதீர்கள். ஒன்று நத்தாருக்கு, ஒன்று தை ஆறுக்கு, மிச்சம் பிறந்தநாளுக்கும் முதல் நன்மை வாங்கும் நாளுக்கும் அலுமாரிக்கு மேலே ஏறட்டும். அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பும்போது மட்டும் கவனம், எல்லாம் எங்கே என்று கேட்பா.

கேள்வி: இவரின் தங்கச்சியும் அவளின் இரண்டு பிள்ளைகளும் சுனாமியில் போனவர்கள். நத்தாருக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த உடுப்போடேயே போனதுகள். அன்றிலிருந்து இவர் நத்தாருக்குப் பரிசு என்ற கதையே எடுக்க விடமாட்டார். எங்கள் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு என்ன சொல்வது? (முல்லைத்தீவு)

பதில்: 2004ஆம் ஆண்டு மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். உங்கள் ஊரில் அந்த இரண்டு நாளையும் பிரித்துப் பார்க்க முடியாத வீடுகள் நிறைய. அவரிடம் “இருபது வருசத்துக்கு மேலாகுது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், யாரும் சொல்ல விடவும் வேண்டாம்.

மகளுக்கும் பரிசு வேண்டும், அவருக்கும் அந்த நாள் வெறுமையாக வேண்டும். திகதியை நகர்த்துங்கள். நத்தார் பாப்பா என்று நாங்கள் சிவப்பு உடுப்புப் போட்டு ஆட்டுகிற ஆளின் மூலம் மீரா நகரத்து ஆயர் புனித நிக்கலஸ். இன்றைய துருக்கியில் இருக்கிறது அந்த இடம். அவருடைய திருநாள் மார்கழி 6. நெதர்லாந்தில் அதற்கு முதல் நாள் இரவுதான் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். நீங்களும் ஆறாம் திகதி கொடுங்கள். இருபது நாள் இடைவெளி இருக்கிறது. அவர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை, வீட்டில் இருந்தால் போதும். இருக்காமல் கடற்கரைப் பக்கம் போனாலும் விடுங்கள். அந்த மாமியினதும் அவவின் இரண்டு பிள்ளைகளினதும் பெயர்களை மகளுக்குச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு அது பாரம் இல்லை. தகப்பன் ஏன் அன்றைக்குக் கதைக்கிறார் இல்லை என்பது தெரியாமல் இருப்பதுதான் பாரம்.

கேள்வி: நத்தாருக்கு மகன் ரப் (ரப்லட் கணினி) கேட்கிறான். கைக்காசுக்கு 36,000. தவணைக்கு என்றால் முதலில் 6,000, பிறகு மாதம் 3,500 படி 12 மாதம். எடுக்கலாமா? (தகப்பன், புதுக்குடியிருப்பு)

பதில்: 6,000ம் 42,000ம் 48,000. பன்னிரண்டாயிரம் கூட. அடுத்த மார்கழி வரும்போதும் இந்த மார்கழிப் பரிசுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், ரப்பின் கண்ணாடி அதற்கு முதலே வெடித்திருக்கும். கிழமைக் கடன்காரன் படலையில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய இறங்க வேண்டி வந்தது. பயிருக்குக் கடன் படலாம், மருந்துக்குப் படலாம். நத்தார் பரிசுக்குப் படாதீர்கள் தம்பி. மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கட்ட உங்களால் முடியும் என்றால் அதையே சீட்டுக்குக் கட்டுங்கள், பதினோராம் மாதம் கைக்காசுக்கே எடுக்கலாம், இரண்டாயிரத்து ஐந்நூறு மிச்சமும் வரும். மகனுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், செய்யத் தெரிந்த வயதுதானே.

கேள்வி: நாங்கள் சைவம். மகளின் சிநேகிதிகள் பாதிப்பேர் வேதக்காரப் பிள்ளைகள். தனக்கும் நத்தார் பரிசு வேணுமாம். (வவுனியா)

பதில்: கொடுத்தால் சமயம் மாறாது. ஆனால் ஆசைக்குக் காரணம் பரிசா, சிநேகிதியா என்று பாருங்கள். சிநேகிதிக்கு ஒரு சின்னப் பரிசு வாங்கிக் கொடுத்து, மகளை 25ஆம் திகதி அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கேக்கும் பயத்தம் பணியாரமும் கிடைக்கும். பொங்கலுக்கு அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நத்தார் பாப்பா எங்கட அப்பாதான் எண்டு அண்ணா சொல்லுறான். உண்மையா? (பெயர் மழையில் அழிந்த கடிதம், கையெழுத்தைப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு)

பதில்: கரோல் வரும்போது முகமூடிக்காரரின் செருப்பைப் பார். அப்பாவின் செருப்பு என்றால் அண்ணா சொன்னது சரி. யாரிடமும் சொல்லாதே, குறிப்பாக உன்னைவிடச் சின்னதுகளிடம்.

கேள்வி: மூத்த மகள் பாரிசில். நத்தார் அன்று வீடியோ கோலில் பேரப்பிள்ளைகள் மரத்துக்குக் கீழே இருக்கிற பார்சல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவினம். இங்கே இளையவளின் பிள்ளைகள் என் மடியில் இருந்து வாயைத் திறந்துகொண்டு பார்ப்பினம். மகளிடம் சொன்னால் கோபிப்பாள். என்ன செய்ய? (ஒரு அம்மம்மா, மன்னார் வீதி)

பதில்: அம்மா, அவளிடம் பரிசைக் குறைக்கச் சொல்லாதீர்கள். குளிரில் இரண்டு வேலை செய்து வாங்கிக் கொடுக்கிறாள், அவளுக்கும் ஆசை இருக்கும். கோல் எடுக்கும் நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மார்கழியில் பாரிஸ் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே காலை எட்டு மணிக்குப் பார்சல் பிரித்தால் இங்கே பன்னிரண்டரை, பிள்ளைகள் சோற்றுக்குக் காத்திருக்கிற நேரம். “மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டில் நிக்கினம், மூண்டு மணிக்கு எடு பிள்ளை” என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. அதற்குள் அங்கே தாள்களைக் கூட்டி அள்ளிப் போட்டிருப்பார்கள். அங்குள்ளதுகள் பிடித்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வரும், இங்குள்ளதுகளும் தங்களுடைய ஒன்றைக் கொண்டு வந்து போனுக்கு முன்னால் நீட்டட்டும். போனை நீங்கள் பிடியுங்கள், பிள்ளைகளிடம் கொடுத்தால் வீட்டுக்கூரையைத்தான் காட்டும்.