பேரேட்டைப் பார்க்க விடுவாரா?

வேலை, தொழில், படிப்பு பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு, யாங்கோன் பாயின்நவுங் சந்தையில் பருப்புத் தரகு செய்யும் நம் அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: பி.ஏ. முடித்திருக்கிறேன். யாங்கோனில் ஒரு செல்போன் கம்பெனியில் வரவேற்பு மேசை வேலை கிடைத்திருக்கிறது. இங்கே ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் மாமாவும் தன் கடைக்குக் கூப்பிடுகிறார். சம்பளம் யாங்கோன் வேலையில் பாதிதான். அம்மா யாங்கோன் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள் அக்கா.
(வாசகி, வயது 23, மொல்மேன்)

பதில்: சம்பளத்தைப் பார்க்காதே என்று சொல்ல மாட்டேன் தங்கச்சி. வாடகை கட்டுகிறவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். யாங்கோனில் அறை வாடகை, சாப்பாடு, பஸ், மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோகிற செலவு எல்லாவற்றையும் கழித்துக் கையில் என்ன நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார். நீ சொல்கிற பாதி அப்போது பாதியாக இருக்காது.

அப்புறம், கடையின் மொத்தக் கணக்கும் இருக்கிற பேரேட்டைப் பற்றி மாமாவிடம் ஒன்று கேள். "பேரேட்டைப் பார்க்க விடுவீங்களா?"

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், அப்பா போன பிறகு நான் சேர்ந்தது நகரத்துக்குள் மளிகை மொத்த வியாபாரம் செய்த ஒரு சூலியா (தமிழ் முஸ்லிம்) பாய் கடையில். முதலில் மூட்டைச் சீட்டு எழுதுவதுதான் வேலை. ஆனால் சாயங்காலம் கடை சாத்தியதும் அன்றைய குறிப்பை என்னை உரக்கப் படிக்கச் சொல்வார். எதை என்ன விலைக்கு எடுத்தோம், எதை விற்றோம், யார் பாக்கி, வண்டிக் கூலி எவ்வளவு, சிந்தினது எவ்வளவு. படித்து முடித்ததும், "இன்னைக்கு நாம சம்பாதிச்சோமா, தோத்தோமா?" என்பார். பெட்டி நிறையப் பணம் இருக்கும், ஆனால் தோற்றிருப்போம். போன வாரம் மலிவாக எடுத்த சரக்கை இன்று விற்றிருப்போம், அதே சரக்கை நாளைக்கு எடுக்க அந்தப் பணம் போதாது. இது எனக்கு விளங்கத்தான் நாளானது. விளங்கின பிறகு எந்த வியாபாரத்தைப் பார்த்தாலும் எனக்குப் பயமில்லை.

பாய்க்குப் பெட்டியில் கிடக்கும் நோட்டின் மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. 1964இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போனதைப் பார்த்தவர். பிறகு 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றியும் தரவில்லை. அந்த வாரம் தெருவில் பெரிய பெரிய கடைக்காரர்கள் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கடையில் பணம் கொஞ்சமாகவும் மூட்டை நிறையவும் இருந்தது. அன்றைக்குத்தான் அந்தச் சாயங்காலக் கேள்வியின் முழு அர்த்தமும் எனக்குப் பிடிபட்டது.

உன் மாமா கடையிலும் கற்க நிறைய இருக்கிறது. புகை போட்ட ஷீட்டைக் கையில் எடுத்ததும் மூன்றாம் நம்பரா ஐந்தாம் நம்பரா என்று சொல்லத் தெரிய வேண்டும், ஈரத்தோடு கொண்டுவருகிறவனைக் கண்டுபிடிக்க வேண்டும், இன்றைய விலை எங்கிருந்து வருகிறது என்றும் தெரிய வேண்டும். இதையெல்லாம் காட்டித்தருவேன், கணக்கையும் திறந்துவைப்பேன் என்றால் பாதிச் சம்பளத்துக்குப் போ. ஆனால் காலக்கெடு வை. இரண்டு வருடம் என்று பேசிக்கொள், இரண்டாம் வருடச் சம்பளத்தையும் இப்போதே பேசிவிடு. சொந்தக்காரர் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைசிவரை பாதிதான்.

"பொம்பளைப் பிள்ளைக்குப் பேரேடு எதுக்கு?" என்று மாமா சிரித்தால், மறுநாள் காலை பஸ்ஸில் யாங்கோனுக்கு வந்துவிடு. வரவேற்பு மேசையிலும் கண்ணைத் திறந்துவைத்திருந்தால் கற்கலாம்.

கேள்வி: பேஸ்புக்கில் ஒரு பயிற்சியாளர் "கோடீஸ்வர மனநிலை" என்று வகுப்பு நடத்துகிறார். மாதக் கட்டணம் கட்டிச் சேர்ந்திருக்கிறேன். செல்போன் உதிரிப் பொருள் விற்கும் சின்னக் கடை என்னுடையது, வகுப்பில் சேர்ந்த பிறகும் வியாபாரம் அப்படியேதான் இருக்கிறது. நல்ல வழிகாட்டியை எப்படி அடையாளம் காண்பது?
(வாசகர், தட்டோன்)

பதில்: உங்கள் கடை நொடித்தால் அந்தப் பயிற்சியாளருக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. அடுத்த மாதக் கட்டணம் நிற்கும், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிடுவார்.

இந்த நாட்டிலேயே நம் ஆட்கள் நடத்தின ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். பலகை மாட்டாத பள்ளிக்கூடம். இப்போது ஷ்வேபொந்தா தெரு என்கிறோமே, அந்தப் பழைய மொகல் தெருதான் ரங்கூனில் செட்டியார்களின் இடம். 1929-30இல் விசாரித்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி நாடு முழுக்கச் சுமார் 1650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. அவற்றில் பலவற்றின் முதலாளி இருந்தது செட்டிநாட்டில். இங்கே கடையை நடத்தினவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூன்று வருடத் தவணைக்கு வருவார்கள். பையன் மீசை முளைக்குமுன்பே வந்து, குறிப்பு எழுதப் பழகி, பேரேட்டுக்கு ஏற்றப் பழகி, கடையின் சொத்தும் கடனும் காட்டுகிற ஐந்தொகை எடுக்கும்வரை வளர்வான். மேலாளுக்குச் சம்பளத்தோடு தவணை முடிவில் லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. அதனால் பையன் ஒரு தொகையைத் தப்பாக ஏற்றினால் அது மேலாளின் கையைத்தான் கடிக்கும். அவர் கற்றுக்கொடுத்தது தர்மத்துக்காக இல்லை, வேறு வழியில்லாமல். கல்வி அழுத்தமாக ஏறினதற்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

இதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருடம் ஒரே கூடத்தில் பெட்டியடியில் படுத்துக் கிடந்தார்கள். ஊரில் அந்தப் பெண்கள் பட்டதை யாரும் பேரேட்டில் ஏற்றவில்லை. பெண்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடமும் இல்லை.

ஆனால் அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் தோற்றால் யாருக்கு வலிக்குமோ அவரைத் தேடுங்கள். உங்களுக்குச் சரக்கு கடனாகத் தருகிற மொத்த வியாபாரி இருக்கிறார் அல்லவா, அவருக்கு வலிக்கும். கடன் தர மறுக்கிறவர் இன்னும் நல்ல வாத்தியார். போய்க் கேளுங்கள்: "எனக்கு ஏன் தர மாட்டேன் என்கிறீர்கள்? கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்." சரக்கு தேங்குகிறது, வாடகை அதிகம், போன தடவை பணம் இழுத்தடித்தாய் என்று அவர் சொல்கிற காரணங்களை எழுதி வையுங்கள். அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. வகுப்பை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு அந்தப் பணத்துக்கு சார்ஜர் கேபிள் வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: என் கையில் இருப்பது, இயல்புரிமை பெற்ற குடிமக்களுக்கு இங்கே தருகிற பச்சை அடையாள அட்டை. டாக்டர் படிப்பு ஆசை. நல்ல மார்க் இருந்தும் முடியாது என்கிறார்கள். இனி என்ன படித்து என்ன ஆகப்போகிறது?
(மாணவர், பெகு)

பதில்: முழுக் குடிமகனான ரோஸ் அட்டைக்காரனுக்குத் திறக்கிற சில தொழிற்படிப்புகளின் கதவு, இணைக் குடிமக்களின் நீல அட்டைக்கும் உன் பச்சை அட்டைக்கும் திறப்பதில்லை. 1982ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிற பிரச்சினை இது. உன் மார்க்கில் குறையில்லை தம்பி. கோபப்படு, அதில் தப்பில்லை. ஆனால் அட்டை மாறும் என்று காத்திருந்து வருடத்தைக் கழிக்காதே.

அட்டையின் நிறத்தைப் பார்க்காத படிப்பை எடு. எல்.சி.சி.ஐ. (லண்டன் வர்த்தக சபை) கணக்கியல் பரீட்சையை இங்கே எத்தனையோ பேர் தனியாகப் படித்து எழுதுகிறார்கள், மூன்றாம் நிலை வரை போனால் கடைகளிலும் கம்பெனிகளிலும் மதிப்பு. பாயின்நவுங்கில் கணக்குப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், ஐந்தொகை போடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மருத்துவத்தின் மேல் மனசு கிடந்தால் மருந்துக் கடை, பரிசோதனைக்கூடம் பக்கம் விசாரித்துப் பார், எந்தப் பயிற்சிக்கு எந்த அட்டை வேண்டும் என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கு. வெளிநாடு போகலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய், தெரியும். அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நான் இங்கே எழுதுவது அச்சாகி உன் கைக்கு வருவதற்குள் பழசாகிவிடும்.

கேள்வி: நம் முன்னோர் வட்டிக்கு விட்டு நிலத்தைப் பிடுங்கினவர்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். வியாபாரத்தில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? பையன் கடை வைக்கப்போகிறேன் என்கிறான், எனக்கு மனசு ஒப்பவில்லை.
(ஆசிரியை, யாங்கோன்)

பதில்: டீச்சர், பதில் சொல்லுமுன் கணக்கைப் பார்ப்போம். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். இடையில் நடந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், விற்க முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு அவர்களும் தவித்தார்கள். மற்ற வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிதான் வாங்கினார்கள் என்றும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் வயலைப் பறிகொடுத்த விவசாயிக்கு அந்த நியாயம் எதுவும் சோறு போடவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பையனுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைகளின் கதை பல திசைக்குப் போயிருக்கிறது. 1900இல் பர்மாவில் வட்டிக்கடை தொடங்கிய ஏ. எம். முருகப்பச் செட்டியார் ஜப்பான்காரன் வருமுன்பே மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பிக்கொண்டுபோய்ப் புதிதாகத் தொடங்கினார், இன்றைய முருகப்பா குழுமம் அதிலிருந்து வந்தது. எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். மிச்சப்பட்ட எத்தனையோ பேர் 1942இல் அராக்கான் வழியிலும் அசாம் வழியிலும் நடந்தே போனார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

என் தொழிலில் நான் கண்டதைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு வரம்பு போட்டது. நம் உளுந்துக்குப் பெரிய வாடிக்கையே இந்தியாதான். விலை சரிந்தது. பெகு பக்கத்திலும் ஐராவதி பக்கத்திலும் நெல் அறுத்த பிறகு உளுந்து போட்டவர்கள் மூட்டையோடு நின்றார்கள். குத்தூசி போட்டுப் பார்த்து எஸ்.க்யூ. (உயர்ந்த ரகம்) சரக்கு என்று விலை பேசியிருந்த சிலர், அதே மூட்டையை எஃப்.ஏ.க்யூ. (சாதாரண ரகம்) என்றார்கள். சிலர் போனையே எடுக்கவில்லை. பேசின விலைக்கே எடுத்து நஷ்டப்பட்டவர்களும் அதே சந்தையில் இருந்தார்கள். 2021இல் இரண்டு அரசும் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டபோது விவசாயிகள் யாரைத் தேடி முதலில் வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன் எந்தக் கடை வைக்கப்போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. யாரிடம் வாங்கப்போகிறான், விலை விழுந்தால் அவர்களிடம் என்ன சொல்லப்போகிறான் என்று கேளுங்கள். பதில் வைத்திருந்தால் விடுங்கள், கடை வைக்கட்டும்.

கேள்வி: நாற்பது வயதில் என்ன தொழில் தொடங்கலாம்? ஒரே வரியில் பதில் வேண்டும்.
(வாசகர், யாங்கோன்)

பதில்: சும்மா இருக்கும்போதே ஆட்கள் உங்களைத் தேடி வந்து எதைக் கேட்கிறார்களோ, அது.

கேள்வி: ஒரு மசாலா அரவை மில்லில் பல வருடமாக வேலை. இப்போது சொந்தமாக மில் போடப்போகிறேன். வாடிக்கைக்காரர்கள் சிலர் என்னோடு வருவதாகச் சொல்கிறார்கள். முதலாளி அப்பா மாதிரி. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
(வாசகர், யாங்கோன்)

பதில்: வேறு யாருக்கும் சொல்லுமுன் அவருக்குச் சொல்லுங்கள். வாடிக்கைக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது, சரி, இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். சந்தையில் இந்த மாதிரிச் செய்தி சாயங்காலத்துக்குமேல் தாங்காது.

வாடிக்கை நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், படம் பிடித்தும் போகாதீர்கள். தானாக வருகிறவர்கள் வரட்டும். அதே தெருவில் இடம் பார்க்காதீர்கள். அப்புறம் அவரிடமே உதவி கேளுங்கள். அந்தக் காலத்தில் சில தவணை முடித்து நல்ல பேர் எடுத்த மேலாள் தனிக்கடை போடும்போது பழைய முதலாளியே பணம் போட்டு வைப்பது உண்டு. நான் பாய் கடையை விட்டு வந்தபோது அவர் பணம் தரவில்லை. எனக்கு விற்கச் சொல்லி ஒரு உளுந்துக்காரரை அனுப்பினார். பணத்தைவிட அது பெரிசு. உங்கள் முதலாளியிடம் மிளகாய் எங்கே எடுக்கலாம், கல்லைக் கொத்த யாரைக் கூப்பிடலாம் என்று கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார், கேட்காமல் விட்டால்தான் மனசில் வைத்துக்கொள்வார்.

அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். மில் பூஜைக்கு வீட்டோடு போய் அழையுங்கள். போணி அவர் கையால் ஆகட்டும். காசை வாங்கிக்கொள்ளுங்கள், விலையை மட்டும் குறைக்காதீர்கள், குறைத்தால் அங்கேயே திட்டுவார்.