பிளேட்லெட் ஏறினால் உடனே எலும்பு மஜ்ஜையா? கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்க்கிற ஆள். மாத்திரை, டோஸ் எல்லாம் உங்கள் ஹெமட்டாலஜிஸ்ட்டிடம், அதாவது ரத்தநோய் டாக்டரிடம் கேளுங்கள். பிளேட்லெட்டோ ஹீமோகுளோபினோ ஏறியே நிற்கிற நாள்பட்ட ரத்தநோய்களை ஆரம்பத்தில் எப்படிப் பிரிக்கிறோம் என்பதை என்னிடம் கேட்கலாம்.

ரமா, சேலம்: மேடம், வயது 34, பிளேட்லெட் 5.8 லட்சம். நெட்டில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்கிறது. மஜ்ஜை டெஸ்ட் எடுக்கணுமா?

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதவே இல்லையே அம்மா. நம் ஊரில் இந்த வயதுப் பெண்ணுக்கு பிளேட்லெட் ஏறினால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவுதான். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் பெர்ரிட்டின் பாருங்கள், அழற்சியைக் காட்டும் சிஆர்பி பாருங்கள். இரும்புக் குறையைச் சரிசெய்த பிறகும் 4.5 லட்சத்துக்குக் கீழே இறங்காவிட்டால் அப்போது பேசலாம்.

செல்வம், திருநெல்வேலி: ஜாக்2 ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ், பிளேட்லெட் 8.2 லட்சம். எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியாவா, ஆரம்பகட்ட மைலோஃபைப்ரோசிஸா என்று பார்க்க மஜ்ஜை எடுக்கணும் என்கிறார் டாக்டர். ஜீன் டெஸ்டிலேயே தெரிந்துவிட்டதே?

தெரிந்தது பாதிதான். த்ராம்போசைத்தீமியாவில் மஜ்ஜை பிளேட்லெட்டை அளவுக்கு மீறித் தயாரிக்கும், மைலோஃபைப்ரோசிஸில் மஜ்ஜையில் போகப்போக நார் படியும். 2005-ல் கண்டுபிடித்த இந்த ஜாக்2 மாற்றம் பாலிசைத்தீமியா வேரா (சிவப்பணு மிகும் நோய்) உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும், த்ராம்போசைத்தீமியாவில் பாதிக்குச் சற்று மேல், மைலோஃபைப்ரோசிஸிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, உங்கள் பிளேட்லெட் காய்ச்சலாலோ இரும்புக் குறைவாலோ மட்டும் ஏறவில்லை, கோளாறு ரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜையின் ஸ்டெம் செல்லில் என்று அது சொல்லும். மூன்றில் எது என்று சொல்லாது. 2013-ல் வந்த கேல்ஆர் என்ற இன்னொரு ஜீன் டெஸ்டும் த்ராம்போசைத்தீமியாவையும் மைலோஃபைப்ரோசிஸையும் பிரித்துக் கொடுக்காது.

பிரிப்பது எலும்புத் துண்டு. பிளேட்லெட்டைத் தயாரிக்கும் மெகாகேரியோசைட் செல்களைத்தான் உற்றுப் பார்ப்போம். த்ராம்போசைத்தீமியாவில் அவை பெரிதாக, மான்கொம்பு போலக் கிளைத்த உட்கருவோடு, பெரும்பாலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும். சுற்றியுள்ள மஜ்ஜை வயதுக்கேற்ற அளவில் இருக்கும். நார் படியாத ஆரம்பகட்ட மைலோஃபைப்ரோசிஸில் சிறிதும் பெரிதுமாக ஒட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நிற்கும், உட்கரு உப்பிக் கருத்திருக்கும், வெள்ளணு வரிசையும் பெருகி வயதுக்கு மீறி மஜ்ஜை நிரம்பிக் கிடக்கும். நாரைக் காட்டும் ரெட்டிகுலின் சாயம் போட்டால் நார் தரம் 0 அல்லது 1 தான், அதனால் நாரை மட்டும் எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், த்ராம்போசைத்தீமியா என்று எழுதியிருந்த 1,104 பேரின் ஸ்லைடுகளை மறுபடி பார்த்த ஒரு ஆய்வு 2011-ல் வந்தது. அதில் 180 பேருக்கு இருந்தது ஆரம்பகட்ட மைலோஃபைப்ரோசிஸ். 15 ஆண்டு உயிர்வாழ்வு முதல் நோயில் 80 சதவீதம், இரண்டாவதில் 59.

அப்புறம் என் பழைய பல்லவி: உறிஞ்சியெடுத்த திரவத்தை மட்டும் ஸ்லைடு போட்டுவிட்டு 'மஜ்ஜை பார்த்தாச்சு' என்று வராதீர்கள். செல்கள் எப்படிக் கூடி நிற்கின்றன என்பது எலும்புத் துண்டில்தான் தெரியும், துண்டு ஒன்றரை சென்டிமீட்டராவது வேண்டும்.

கார்த்திக், கோவை: நானும் பேதாலஜிஸ்ட்தான் மேடம். ஒரே ஸ்லைடுக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் எழுதுகிறார்கள். இதை நம்பி நோயாளியைப் பயமுறுத்தணுமா?

வாங்க டாக்டர், சண்டைக்கே வந்துவிட்டீர்கள். நிபுணர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஸ்லைடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வகைப்பாடு ஸ்லைடோடு நிற்கவில்லையே. வேறு காரணம் சொல்ல முடியாத ரத்தசோகை, 11,000 அல்லது அதற்கு மேல் வெள்ளணு, கைக்குத் தட்டுப்படும் மண்ணீரல், எல்டிஎச் (செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) உயர்வு, ஆரம்பகட்ட மைலோஃபைப்ரோசிஸ் என்று எழுத இதில் ஒன்றாவது வேண்டும் என்கிறது.

கார்த்திக்: ரத்தம் எடுக்கும்போது செல் உடைந்தாலே எல்டிஎச் ஏறும்!

ஏறும். அதனால்தான் அடுத்தடுத்து இரண்டு முறை பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டுங்கெட்டான் ஸ்லைடுக்கு 'இப்போதைக்கு வகைப்படுத்த முடியவில்லை' என்று எழுதுங்கள், மானம் போய்விடாது. பார்க்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக நோயே இல்லை என்று சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

கார்த்திக்: பாதி ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதிக்கு ஸ்லைடோடு வாருங்கள்.

பெயர் வேண்டாம்: பிளேட்லெட் 5 லட்சம், மஜ்ஜை எடுக்கணுமா?

பெர்ரிட்டின். ரமாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஜமீலா, வேலூர்: அத்தாவுக்கு ஹீமோகுளோபின் 18.4, ஜாக்2 பாசிட்டிவ். எங்களுக்கும் வருமா மேடம்?

இந்த மாற்றம் பிறவியில் வருவதில்லை, வாழ்நாளில் ஒரு ஸ்டெம் செல்லில் நேர்வது. பிள்ளைகள் எல்லோரும் போய் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. அத்தாவுக்கு பெர்ரிட்டின் குறைவாக இருந்தாலும் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், ஹீமோகுளோபின் இன்னும் ஏறும்.

மதன், ஓசூர்: ஜாக்2, கேல்ஆர், எம்பிஎல் மூன்று ஜீன் டெஸ்டும் நெகட்டிவ். நோய் இல்லைதானே?

அப்படி இல்லை. த்ராம்போசைத்தீமியா உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்காவது மூன்றும் நெகட்டிவாகவே இருக்கும். பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற ஜீன் டெஸ்ட் பார்த்தார்களா? அந்த டெஸ்ட் காட்டிக்கொடுக்கும் ரத்தப் புற்றுநோயான நாள்பட்ட மைலாய்டு லுகீமியா சில சமயம் பிளேட்லெட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு வரும், அதற்குச் சிகிச்சையே வேறு. ரத்தத்திலேயே பார்க்கலாம்.

குமார், மதுரை: பிளேட்லெட் 9 லட்சம். பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா?

அதை பிளேட்லெட் ஏறட்டும் என்றுதானே குடிக்கிறார்கள்? அடுத்த கேள்வி.

சுரேஷ், தர்மபுரி: பிளேட்லெட் 4.9 லட்சம், மஜ்ஜை...

பெர்ரிட்டின்!

செல்வம்: சரி மேடம், எடுத்துக்கொள்கிறேன். ரொம்ப வலிக்குமா?

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் எடுப்பார்கள். உறிஞ்சும்போது சில நொடி சுரீரென்று இழுக்கும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.