மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் புற்றடியில் கண்ட வெள்ளைக் காளான்: மேலிருந்து எடுத்த படம் போதாது

சகோதரம், படத்தைப் போட்டு இது புற்றுக்காளானா (கறையான் புற்றில் முளைக்கும், தின்னக்கூடிய காளான்) என்று கேட்டிருந்தீர்கள். புற்றுக்குப் பக்கத்தில் முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் இல்லை. உங்கள் படத்தில் குடையின் மேற்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது.

பிடுங்காமல், சுற்றிவரத் தடியால் கிளறித் தோண்டுங்கள் (புற்றுக்குள் பாம்பு இருக்கலாம், வெறுங்கையை விட வேண்டாம்). புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு கறையான் கூடுவரை இறங்கும். இழுத்தால் அது அறுந்து, முக்கியமான அடையாளமே மண்ணுக்குள் போய்விடும். குடை நடுவில் கூரான முனையும் இருக்கும். அடியில் கிண்ணம்போல உறை இருந்தால் அது வேறு இனம், கொல்லக்கூடியதும் அதில் உண்டு.

பிறகு வித்துத்தூள் அச்சு (குடையின் அடியிலிருந்து உதிரும் தூள் கடதாசியில் பதியும் நிறம்) எடுங்கள். தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்புக் கடதாசியில் குடையின் அடிப்பக்க மடிப்புகள் கீழே வர வைத்து, கோப்பையால் மூடி இரவு முழுக்க விடுங்கள். விரியாத மொட்டு அச்சு விடாது. புற்றுக்காளான் இளம் ரோசாவாக விழும். பச்சையாக விழுந்தால் நச்சுக்காளான்: வெள்ளைக் குடையில் மண்ணிறச் செதில், தண்டில் வளையம், தின்றால் சில மணித்தியாலத்தில் கடும் வாந்தி, வயிற்றோட்டம். அதன் அடிப்பக்க மடிப்புகளும் இளசில் வெள்ளைதான், அதனால்தான் ஏமாறுகிறார்கள். ரோசா அச்சு மட்டும் போதாது. நச்சு இனங்கள் சிலவும் அப்படியே விடும்.

நச்சென்றால் வெள்ளிக்கரண்டி கறுக்கும் என்று உங்கள் வீட்டில் சொன்ன சோதனையை நம்பவே வேண்டாம், நச்சுக்கும் கரண்டி கறுப்பதற்கும் தொடர்பில்லை. வேர், முனை, அச்சு மூன்றின் படத்தையும் போடுங்கள். அதுவரை கறிச்சட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.