மாதிரி வரைபடம் அவர்களுடையது, அனுமதி உங்கள் பொறுப்பு

தன் பிராண்டின் பெயரில் கடை நடத்தக் கிளை உரிமம் (பிரான்சைஸ்) தந்த நிறுவனத்தின் கடை வரைபடத்தை உள்ளாட்சி அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது, திருத்தும் செலவு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது உங்களுடையதுதான். நிறுவனம் தருவது மாதிரி வரைபடம். பெயர்ப்பலகை, வண்ணம், கவுன்ட்டர், உபகரணங்கள் எங்கே வரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் கட்டடத்தின் தூண்கள், கழிவுநீர்க் குழாய், மின்சுமை, அவசர வழி ஆகியவை இருக்காது. அவற்றுக்கேற்ப வரைய, உள்ளூர் விதிகள் தெரிந்த, முறையான உரிமம் பெற்ற கட்டடக் கலைஞரை அமர்த்துங்கள்.

திருத்தியதை நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் ஒரு சுவரையும் தொடாதீர்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: அந்த ஒப்புதல் பொதுவாகப் பிராண்டின் தோற்றத்துக்கு மட்டுமே, கட்டட விதிகளுக்கு உத்தரவாதம் அல்ல. கட்டட உரிமையாளரின் சம்மதமும் தேவைப்படலாம். அனுமதிக்கு முன்பே வாடகை ஓடத் தொடங்குகிறதா என்று குத்தகைப் பத்திரத்தை இன்றே பாருங்கள்.